அவகாசம் கேட்கும் ஆசான்

"கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லித் தம் பிள்ளையைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன தகப்பன்மார்கள் கல்நெஞ்சர்களாக இருந்ததில்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இரவெல்லாம் கண்விழித்தவர்களும், அவன் படிப்புக்காகத் தம் வயிற்றைக் கட்டியவர்களும், ஊர்த் திருவிழாவில் அவனைத் தோள்மீது தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர்களும் அவர்களே. அவ்வளவு அன்புள்ளவர்கள், பிள்ளையின் நன்மையைக் கருதிப் பேசத் தொடங்கிய மாத்திரத்தில், ஏன் தோலையும் பிரம்பையும் பற்றிப் பேசினார்கள் என்ற கேள்வியை நான் வெகுகாலமாக மனத்தில் வைத்திருக்கிறேன். 'அடியாத மாடு படியாது' என்று மாட்டைக் குறித்துச் சொன்ன பழமொழியை மகனுக்கு ஏற்றிச் சொல்லும்போது ஒருவர்க்கும் நா கூசவில்லை. உத்தரத்தில் கட்டிய கயிற்றில் சிறுவனைத் தொங்கவிட்டுப் பிரம்பால் விளாசிய கோதண்டம் என்னும் தண்டனையை, சரஸ்வதி பூஜை செய்த அதே கைகள் செய்தன.

நம்முடைய சொல் வழக்கிலேயே இந்தக் குழப்பம் ஊறிக் கிடக்கிறது. வடமொழியில் 'சிக்ஷா' என்றால் கல்வி, பயிற்சி என்று பொருள். அது தமிழில் 'சிட்சை' என்று வந்து சேர்ந்தபோது தண்டனை என்ற பொருளே மேலோங்கி நின்றது. கற்பிப்பதும் ஒறுப்பதும் ஒன்றே என்ற நம்பிக்கை ஒரு சமூகத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தால் ஒரு சொல் இப்படிப் பொருள் மாறும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கையிலிருந்த பிரம்பு போன பிறகும், குற்றம் கண்ட மாத்திரத்தில் நீதிபதியாகிவிடும் மனம் பலரிடம் போகவில்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, நாற்பது பிள்ளைகளின் முன்னே நையாண்டி செய்வது, 'அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று விரட்டுவது ஆகிய இவையெல்லாம் பிரம்பின் வாரிசுகளாகவே வந்திருக்கின்றன. நானும் அப்படிச் செய்தவன்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்திய பெஞ்சியில் ஒரு பையன். மற்ற நேரங்களில் சாதுவாக இருப்பவன், பாடத்தை வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்லும் நாட்களில் மட்டும், தன் முறை நெருங்க நெருங்க ஏதாவது விஷமம் செய்வான். பக்கத்துப் பையனின் பேனாவைப் பிடுங்குவான், டெஸ்க்கைத் தட்டுவான், ஒருநாள் எனக்கே துடுக்காகப் பதில் சொன்னான். ஒவ்வொரு தடவையும் 'வெளியே போ' என்றேன். ஒவ்வொரு தடவையும் அவன் தயக்கமின்றிப் போனான். ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் இப்படியே கழிந்தது. அவன் வெளியே போகும் வேகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

ஒரு மாலை, மணி அடித்த பிறகு, புங்க மரத்தடியில் அவனை உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்குக் கூப்பிடவில்லை என்பதை அவன் நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. "வாசிக்கிற அன்னைக்கு மட்டும் உனக்கு என்னமோ ஆகுதுடா, எனக்குப் புரியல. நீதான் சொல்லணும்" என்றேன். தரையில் கிடந்த புங்கங்காயை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டே இருந்தான். பிறகு, "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் சார் வரும். எல்லாரும் சிரிப்பாங்க" என்றான். அவனுடைய விஷமம் முழுவதும் அந்தச் சிரிப்பிலிருந்து தப்புவதற்கு அவன் கண்டுபிடித்த வழி. நான் கொடுத்த தண்டனை முழுவதும் அந்த வழியை அவனுக்குத் திறந்துவிட்ட கதவு. என்ன செய்யலாம் என்று நான் யோசனை சொல்ல வாயெடுக்குமுன் அவனே சொன்னான்: "நாளைக்கு எந்தப் பத்தின்னு இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா, அக்காகிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வந்துடுவேன் சார்." எவ்வளவு சிறிய கோரிக்கை! அதைக் கேட்க அவனுக்கு வாயில்லாமல் இருந்ததற்குக் காரணம், கேட்பதற்கு நான் காதில்லாமல் இருந்ததே. மறுநாள் அவன் நான்கு வரி வாசித்தான். அதன் பிறகு விஷமமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அந்த ஒரு விஷமம் நின்றது.

இந்தச் சிறு அநுபவத்தை ஒரு போதனா முறையாக மட்டும் கருதிவிட என் மனம் ஒப்பவில்லை. இதனடியில் ஒரு தத்துவக் கேள்வி கிடக்கிறது. பிறருடைய குற்றத்துக்குப் பயன் ஊட்டும் அதிகாரம் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது?

'செய்த வினையின் பயனை அநுபவித்தே தீரவேண்டும். ஆசிரியர் அதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான்' என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கர்ம சித்தாந்தத்தை இவ்வளவு அவசரமாகக் கையிலெடுப்பவர்கள் அதை முழுவதும் படித்தவர்களாகத் தோன்றவில்லை. சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது? வினை சடம், அது தானே சென்று செய்தவனைப் பற்றாது, எந்த உயிர் எந்த நிலையில் எதைச் செய்தது என்பதை முற்றும் அறிந்த இறைவன் ஒருவனே அதன் பயனைக் கூட்டுவிக்க வல்லவன். முற்றறிவு இல்லாதவனுக்கு அந்தத் தொழிலில் பங்கில்லை. இறைவனை இதற்கு வேண்டாத பௌத்தமோ வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. செயலின் புறத்தோற்றம் கர்மம் ஆகாது, அதனுள்ளே இருக்கும் 'சேதனை', அதாவது எண்ணமே கர்மம் என்பது புத்தர் உபதேசம். ஒருவனுடைய எண்ணத்தை இன்னொருவன் எப்படி அறிவது? அவனைக் கேட்டுத்தான் அறியவேண்டும். ஆகவே, ஒன்றையொன்று மறுத்து வாதிட்ட இந்த இரு சமயங்களின்படியும், கேளாமல் தண்டிக்கும் ஆசிரியன் தனக்கு உரிமையில்லாத ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தவனாகிறான். பிள்ளையிடம் கேட்பதை ஆசிரியர் காட்டும் தயவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அறிவின் முதல் கடமை என்பது என் துணிபு.

பௌத்த சங்கத்தின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தை நான் முதன்முதலில் எடுத்தபோது, துறவிகளுக்கான வறண்ட விதித் தொகுப்பு என்றே எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க, பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் மல்லுக்கட்டிய ஓர் ஆசிரியக் கூட்டத்தின் வரலாறாக அது எனக்குத் தோன்றிற்று. சங்கத்தில் சிறுவர்கள் இருந்தார்கள். சாமணேரர் என்று அவர்களுக்குப் பெயர். குறும்பு, கீழ்ப்படியாமை, பொய், அழுகை எல்லாம் அங்கேயும் இருந்தன. நாம் வாத்தியார் என்று திரித்துச் சொல்லும் உபாத்தியாயரே அங்கே 'உபஜ்ஜாயர்' என்று வழங்கப்படுகிறார். அவர் சீடனை மகனாகவும், சீடன் அவரைத் தந்தையாகவும் கருதவேண்டும் என்பது அந்நூலின் பகுதியாகிய மகாவக்கத்தின் விதி. சீடன் ஆசானுக்குப் பல்குச்சியும் தண்ணீரும் எடுத்து வைத்து, ஆசனம் இட்டு, பாத்திரம் கழுவிப் பணிவிடை செய்யவேண்டும். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்தக் குருகுலத்திலும் உள்ளதே. ஆனால் சீடன் நோயுற்றுப் படுத்தால், அதே பல்குச்சியையும் தண்ணீரையும் ஆசனத்தையும் ஆசான் அவனுக்காக எடுத்து வைக்கவேண்டும் என்று அடுத்த பகுதியே சொல்கிறது. ஆசான் தவறான பேச்சை நோக்கிப் போனால் சீடன் தடுத்து நிறுத்தவேண்டும் என்றும் இருக்கிறது. பொறுக்கமுடியாத சீடனை விலக்க இடமுண்டு. ஆனால் விலக்கத் தகாதவனை விலக்கினாலும், விலக்கப்பட்டவன் வந்து மன்னிப்புக் கேட்கும்போது மன்னிக்க மறுத்தாலும், குற்றம் ஆசானைச் சேரும். சோழநாட்டுப் பூதமங்கலத்தில் ஒரு விகாரத்தில் தங்கி, புத்ததத்தர் என்ற ஆசாரியர் இந்த விநயத்தைச் செய்யுளாக்கி 'விநயவிநிச்சயம்' என்று பாலி மொழியில் இயற்றினார். ஆகையால் காவிரிக் கரைக்கு இந்தச் சிந்தனை அந்நியமானது அன்று.

சாமணேரர்களைத் தண்டிப்பதைப் பற்றிய பகுதி என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. சில சாமணேரர்கள் பிட்சுக்களை மதியாமல் திரிந்தபோது, அவர்களுக்குத் தடை விதிக்கப் புத்தர் அநுமதித்தார். உடனே சிலர் விகாரம் முழுவதற்கும் தடை விதித்தார்கள். எங்கேயும் நுழைய முடியாத பிள்ளைகள் சிலர் வீட்டுக்குத் திரும்பினார்கள், சிலர் வேறு சமயத்தாரிடம் போய்ச் சேர்ந்தார்கள். 'முழு விகாரத்துக்கும் தடை கூடாது. அவன் தங்கும், புழங்கும் இடத்துக்கு மட்டும்' என்று விதி திருத்தப்பட்டது. பிறகு சிலர் உணவுக்குத் தடை விதித்தார்கள். கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்த ஊரார், 'வாருங்கள், கஞ்சி குடியுங்கள்' என்று கூப்பிட்டபோது, 'எங்களுக்குத் தடை போட்டிருக்கிறார்கள்' என்று அந்தச் சிறுவர்கள் சொன்னார்கள். ஊரார் மனம் நொந்து ஏசினார்கள். வாய்வழி உண்ணும் உணவுக்குத் தடை கூடாது என்று அடுத்த திருத்தம் வந்தது. மூன்றாவதாக, ஒரு கூட்டத்தார் பிறருடைய சீடர்களை அவர்களுடைய உபஜ்ஜாயரைக் கேளாமலே தண்டித்தார்கள். 'எங்கள் பிள்ளைகளைக் காணோமே' என்று ஆசான்கள் தேடி அலைந்தார்கள். கேளாமல் தண்டிக்கக்கூடாது என்று அதற்கும் விதி பிறந்தது.

இந்த வரிசையில் நான் காண்பது இது: ஒவ்வொரு தடவையும், தண்டனைக்குப் பிறகு பிள்ளை என்ன ஆனான் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். போனவன் திரும்பி வந்தானா, பசித்தவன் உண்டானா, தேடியவர்க்குக் கிடைத்தானா என்று பார்த்துவிட்டு, மாற்றவேண்டியது தண்டனையே என்று கண்டு மாற்றியிருக்கிறார்கள். தண்டனைப் பதிவேடு பல பள்ளிகளில் உண்டு. பிறகு பிள்ளை என்ன ஆனான் என்று குறிக்கும் பத்தி அதில் உண்டா?

புத்தருடைய மகன் ராகுலனைப் பற்றி விநயத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஆளவி என்னும் நகரில், உபதேசம் கேட்க வந்த இல்லறத்தாரோடு ஒரே மண்டபத்தில் இளம் பிட்சுக்கள் படுத்துறங்கி, தூக்கத்தில் ஆடை விலகிக் கிடந்தும், பிதற்றியும், குறட்டை விட்டும் அவர்களை அருவருக்கச் செய்தார்கள். ஆகவே துறவு நிலை முழுமையாகப் பெறாதவர்களோடு ஒரே கூரையின்கீழ் பிட்சுக்கள் படுக்கலாகாது என்று விதி ஏற்பட்டது. நியாயமான விதி, ஒருவரையும் துன்புறுத்த எண்ணி இட்டதன்று. பிறகு கோசம்பியில், பதரிகாராமம் என்னும் விகாரத்தில் தங்கியிருந்தபோது, சாமணேரனாக இருந்த ராகுலனிடம் பிட்சுக்கள், 'விதி வந்துவிட்டது. உனக்கு ஓர் இடம் பார்த்துக்கொள்' என்றார்கள். இடம் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை போய்க் கழிப்பறையில் படுத்துக்கொண்டான்.

விடியும் முன் புத்தர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். வாசலில் நின்று கனைத்தார். உள்ளேயிருந்தும் ஒரு கனைப்பு. "யார் அங்கே?" "நான்தான், ராகுலன்." "இங்கே ஏன் இருக்கிறாய்?" ராகுலன் நடந்ததைச் சொன்னான்.

'ஏன் இங்கே இருக்கிறாய்' என்ற அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு சாஸ்திரமே அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. இருக்கத் தகாத இடத்தில் ஒரு பிள்ளை இருக்கிறான். அந்த நிலையில், 'இதுவா படுக்கும் இடம்?' என்று அதட்டுவது எவ்வளவு சுலபம்! கேட்டவர் விடைக்காகக் கேட்டார். விடை வந்ததும், தாமே இட்ட விதிதான் இந்தச் சிறுவனை இங்கே கொண்டுவந்து தள்ளியது என்று அறிந்தார். சங்கத்தைக் கூட்டி, இரண்டு மூன்று இரவுகள் வரை ஒரே கூரையின்கீழ் தங்கலாம் என்று விதியைத் திருத்தினார். பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்குப் பின்னாலெல்லாம் நம் விதி ஒன்று நிற்கிறது என்று நான் சொல்லவரவில்லை. சில சமயம் நிற்கிறது. நின்றால், அதைத் திருத்துவதில் ஆசிரியருக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அதே ராகுலனுக்குப் பொய்யைப் பற்றி உபதேசித்தபோதும், கால் கழுவிய பாத்திரத்தில் மிஞ்சிய சிறிது தண்ணீரைக் காட்டி, 'இதைப் பார்க்கிறாயா?' என்றுதான் தொடங்கினார். கண்ணாடி எதற்கு என்று கேட்டு, முகம் பார்க்க என்ற பதிலை அவன் வாயாலேயே வரவழைத்து, செயலுக்கு முன்னும், செய்யும்போதும், பின்னும் அவ்வாறே தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் பொய் சொன்னான் என்று அந்த உபதேசத்தைத் தரும் சூத்திரம் ஓரிடத்திலும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிட்சுக்களும் இல்லறத்தாரும் இடைவிடாது கேட்டுச் சிந்திக்கவேண்டியவை என்று அசோகச் சக்கரவர்த்தி பைராட் கல்வெட்டில் குறித்த சில உபதேசங்களுள், பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்னதும் ஒன்று. ஒரு சாம்ராஜ்யாதிபதி, ஒரு சிறுவனுக்குத் தகப்பன் சொன்ன புத்திமதியைக் கல்லில் பெயர் சொல்லிப் பொறித்து வைத்தான்.

பிறன் குற்றத்தை எடுத்துச் சொல்லப் போகிறவன் முதலில் அவனிடமே அநுமதி கேட்கவேண்டும் என்பது சங்கத்தின் இன்னொரு நியதி. 'உம்மிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அவகாசம் கொடும்' என்று கேட்டு, அவன் இசைந்த பிறகே பேச்சு. பாலியில் 'ஓகாசம்', நாம் அன்றாடம் வழங்கும் அவகாசமும் அதுவே. சொல்கிறவன், தகுந்த வேளையில், உண்மையானதை, மென்மையாக, நன்மை பயக்குமாறு, நட்புள்ளத்தோடு சொல்கிறோமா என்று தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தின் முடிவில் பவாரணை என்னும் நாளில், ஒவ்வொருவரும் தம் குறையைக் கண்டதோ, கேட்டதோ, ஐயுற்றதோ இருந்தால் எடுத்துச் சொல்லுமாறு மற்றவர்களை வேண்டிக்கொள்வார்கள். சிராவஸ்தியில் ஒரு பவாரணையன்று, சீடர்களைப் பார்த்து, 'என் சொல்லிலோ செயலிலோ நீங்கள் பழிக்கத்தக்கது ஏதேனும் உண்டா?' என்று புத்தரே கேட்டதாகச் சூத்திரம் இருக்கிறது. அவர் கேட்கலாமென்றால், ஆண்டுக்கு ஒருமுறை நாம் நம் வகுப்பைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

காந்தியடிகளை இங்கே நினையாமல் இருக்கமுடியாது. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில், முரட்டுத்தனமும் பொய்யும் சண்டையும் மிகுந்த பதினேழு வயது வாலிபன் ஒருவனை அவர் ஒரு தடவை ரூல்தடியால் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் கை நடுங்கிற்று. அந்தப் பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். வலியால் அழவில்லை, தம் வேதனையைக் கண்டே அழுதான் என்பது காந்தியடிகளின் எண்ணம். அப்படி அடித்தது சரியா தவறா என்று இன்னும் தம்மால் தீர்மானிக்க முடியவில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார். பிறகு பீனிக்ஸ் குடியிருப்பில் மாணாக்கர் வழுவியபோது, அதற்குப் பொறுப்பு தம்மையும் சாரும் என்று ஏழு நாள் உண்ணாவிரதம் இருந்தார். பொறுப்பைத் தம்மீது ஏற்ற அந்த மனத்தை வணங்குகிறேன். எனினும், தன் பொருட்டு ஒரு மகான் பட்டினி கிடப்பதைப் பார்க்கும் பிள்ளையின் நெஞ்சின்மேல் ஏறும் பாரம், பிரம்படியைக் காட்டிலும் இலேசானதா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. புங்க மரத்தடியில் உட்கார்ந்து கேட்பது எல்லார்க்கும் கைகூடும், உண்ணாவிரதம் அப்படிப்பட்டதன்று.

'ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவனோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் கதி என்ன?' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடிக்கப் போகிறவனின் கையைப் பிடிக்கத்தான் வேண்டும். பாடம் நடக்கவிடாதவனைச் சிறிது நேரம் விலக்கி உட்காரவைக்கத்தான் வேண்டும். விநயமும் தடையை அடியோடு நீக்கிவிடவில்லை. ஆனால் விலக்கியதோடு விஷயம் முடிந்தது என்று எண்ணுவதே நம் பிழை; அங்கேதான் அது தொடங்குகிறது. மாலையில் பத்து நிமிஷம் போதும். நான் ஒரு பருவம் முழுவதும் அந்தப் பையனை வெளியே அனுப்பிச் செலவிட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு சிக்கனமானது என்று விளங்கும். உங்கள் வகுப்பிலும், தன் முறை வரும்போதெல்லாம் வெளியே போக வழி தேடும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். நாளை மாலை அவனை அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, அவகாசம் கேட்டுப் பாருங்கள்.

ராகுலன் கழிப்பறையில் கழித்த அந்த இரவின் பொருட்டுத் திருத்தப்பட்ட விதி, பிட்சுக்களின் விதித் தொகுப்பாகிய பாதிமொக்கத்தின் இருநூற்றிருபத்தேழு விதிகளுள் ஒன்றாக, இலங்கையிலும் மியான்மரிலும் தாய்லாந்திலும் பதினைந்து நாளுக்கொருமுறை பிட்சுக்கள் கூடும் மண்டபத்தில் இன்றும் ஓதப்பட்டு வருகிறது.